களவாணிக்குத் தமிழ் தெரிகிறது, வங்கிக்குத் தெரியவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

தலவாக்கலைப் பக்கம் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். ரீலோட், போட்டோகொப்பி, லெமினேட்டிங், பாஸ்போட் சைஸ் படம், படிவம் நிரப்பிக் கொடுப்பது, இதுதான் தொழில். சுற்றியுள்ள நாலைந்து தேயிலைத் தோட்டத்து ஆட்கள் போனில் எது பழுதானாலும் என்னிடம்தான் வருவார்கள். அதனால் போன் மோசடி பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். அதை விட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. போன தீபாவளிக்கு முன் என் கடையில் நடந்த ஒரு களவில் நானும் கூட்டாளி.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்த ஒரு பெரியம்மா, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல், போனைக் காதில் வைத்துக்கொண்டே கடைக்குள் நுழைந்தார். "பிரதேச செயலகத்துல இருந்து பேசுறாங்க தம்பி, அஸ்வெசும காசு மூணு மாசமா நிக்குதாம், இப்ப ஒரு நம்பர் வருமாம், அத வாசிச்சுச் சொல்லு" என்று போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அஸ்வெசும என்பது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற உதவிக் காசு. அந்தப் பக்கத்தில் பேசியவன் நல்ல தமிழில், நம்ம ஊர்த் தமிழில், "அவசரமில்லம்மா, ஆறுதலாப் பாத்துச் சொல்லுங்க" என்றான். கடையில் நாலு பேர் நிற்கிறார்கள், கொப்பி மெஷினில் தாள் சிக்கியிருக்கிறது, நான் எஸ்எம்எஸ்ஸைத் திறந்து ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். நம்பருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி, யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று. என் கண் அதில் போகவேயில்லை. சேமிப்பும் தீபாவளி முற்பணமுமாக 43,000 ரூபா சொச்சம், பத்து நிமிடத்தில் போய்விட்டது.

அடையாள அட்டை நம்பரும் வங்கிக் கணக்கு நம்பரும் முதல் நாளே "விபரம் சரிபார்க்க" என்று வாங்கிவிட்டான். அதை வைத்துப் பெரியம்மாவின் கணக்குக்கு ஒன்லைன் வங்கிச் சேவையை அவன் போனில் பதிய முயன்றிருக்கிறான். பதிவதற்குக் கடைசியாக ஒரு பூட்டு இருக்கும், அதன் சாவி கணக்குக்காரரின் போனுக்கு வரும். ஓடிபி என்பது அவ்வளவுதான். காசு நமக்கு வருவதற்கு இப்படி எஸ்எம்எஸ்ஸில் வருகிற எந்த நம்பரும் தேவையில்லை, கணக்கு நம்பர் இருந்தால் போதும். எஸ்எம்எஸ்ஸில் வந்த நம்பரைக் கேட்கிறார்கள் என்றாலே காசு வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். இதை அந்த அம்மாவுக்கு யார் சொன்னார்கள்? எனக்கே யார் சொன்னார்கள்?

2023 இல் அஸ்வெசும வந்தபோது காசு வங்கிக் கணக்குக்குத்தான் வரும் என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வங்கிப் படியேறிய பெண்கள் எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர். கணக்கு திறந்தார்கள், அட்டை கொடுத்தார்கள், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். அதோடு சரி. அந்த அட்டையை எப்படிப் பாவிப்பது, எதை யாரிடம் சொல்லக் கூடாது என்று தமிழில் உட்கார்ந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது, எங்கள் ஆட்களுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸில் அது தெரிவதில்லை. களவாணி மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "சாப்டீங்களாம்மா" என்று கேட்டு, அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருகிறான். பிறகு யாரை நம்புவார்கள்?

எங்கள் பக்கத்துப் பிழையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஏ.டி.எம். அட்டையைச் சுற்றி ஒரு துண்டுக் காகிதம், அதில் பின் நம்பர், இரண்டையும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு றப்பர் பேண்ட் மாட்டி, "தம்பி டவுனுக்குப் போறதானே, ஒரு அஞ்சாயிரம் எடுத்துட்டு வா" என்று கொடுத்துவிடுவது எங்கள் ஊரில் சாதாரணம். டவுனுக்குப் போய்வர அரைநாள், அன்றைக்குப் பேர் விழாது, அந்த நாள் சம்பளம் இல்லை, அதனால் கொடுக்கிறார்கள். கணக்கப்பிள்ளை மகனிடம், ஆட்டோக்காரத் தம்பியிடம், என்னிடம். யாரும் ஏமாற்றியதில்லை என்பது வேறு கதை. ஆனால் இரகசிய நம்பர் என்பது நம்பிக்கையான ஆளிடம் கொடுக்கிற சாமான் என்று ஆகிவிட்டது. கள்ளன் செய்வதெல்லாம் அந்த நம்பிக்கையான ஆளாக நடிப்பது மட்டும்தான். என் கடையிலும் ஒரு சிஆர் கொப்பி இருந்தது, வாடிக்கையாளர்களின் ஜிமெயில், பேஸ்புக் பாஸ்வேர்ட் எல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தேன், மறந்துவிட்டு வந்து கேட்பார்கள் என்று. தீபாவளி முடிந்த கையோடு அதை அடுப்பில் போட்டேன்.

வட்ஸ்அப் கதை இன்னொரு பக்கம். கொரோனா காலத்தில் ஆரம்பித்த வகுப்பு குறூப்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் மகனுடைய குறூப்பில் ஒரு டீச்சரின் பெயரில், அவருடைய படத்தோடு, "உங்களுக்கு ஆறு நம்பர் ஒன்று வந்திருக்கும், தவறுதலாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று வந்தது. ஒரு அம்மா அனுப்பிவிட்டார். அரை மணித்தியாலத்தில் அவருடைய வட்ஸ்அப்பும் போய், அவருடைய பெயரில் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் "அவசரமாக 20,000 போடுங்கள், நாளைக்குத் தருகிறேன்" என்று போயிருக்கிறது. கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டான், அக்கா கேட்டால் போடாமல் என்ன செய்வான்? இதற்குச் செலவில்லாத வைத்தியம் இருக்கிறது. வட்ஸ்அப் செட்டிங்ஸில் கணக்கு என்ற இடத்தில் இரண்டு படிச் சரிபார்ப்பு இருக்கிறது. அதைப் போட்டு நமக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் நம்பர் வைத்துவிட்டால், வந்த ஆறு நம்பரைத் தெரியாமல் கொடுத்தால்கூட உள்ளே வருவது கஷ்டம். கடைக்கு வருகிற எல்லாருக்கும் இப்போது காசில்லாமல் போட்டுக் கொடுக்கிறேன், அவர்களையே நம்பரை அமுக்கச் சொல்லிவிட்டு நான் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். காசு கேட்டு மெசேஜ் வந்தால் ஒரு கோல் எடுத்துக் குரலைக் கேட்டுவிட்டுப் போடுங்கள், வட்ஸ்அப்பில் இல்லை, சாதாரணக் கோல்.

இளம் பிள்ளைகளைப் பற்றி நினைத்தால்தான் அதிகம் பயம். கொழும்பில் வேலை விட்டு வந்து லயத்து வாசலில் போனும் கையுமாக இருக்கிற பையன்களுக்கு டெலிகிராமில் வேலை வருகிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் 500 ரூபா, முதல் இரண்டு நாள் உண்மையாகவே கணக்குக்கு வரும். மூன்றாவது நாள் 10,000 போட்டால் 15,000 என்பார்கள், அதற்குப் பிறகு நகையை அடகு வைக்கிற கட்டம். ஆள் சேர்த்தால் கொமிஷன் என்ற பிரமிட் திட்டங்களும் அப்படித்தான். வங்கிச் சட்டத்தின் 83C பிரிவின்படி அதை நடத்துவது மட்டுமல்ல, ஆள் சேர்த்துவிடுவதும் குற்றம் என்று பையன்களுக்குத் தெரியாது. அதை விட மோசம், கணக்கை வாடகைக்குக் கொடுப்பது. பெரியம்மாவின் காசு போய் விழுந்ததும் இப்படி ஒரு கணக்கில்தான், வேறொரு மாவட்டத்துப் பையனுடையது, மாதம் ஏதோ சில ஆயிரத்துக்கு அட்டையையும் சிம்மையும் யாரோ ஒருவனிடம் கொடுத்திருக்கிறான். பொலிஸ் போய் நின்றது அவனுடைய வீட்டு வாசலில். உண்மையான கள்ளன் எங்கே இருக்கிறான் என்று இன்னும் தெரியாது.

வெளிநாட்டு வேலை என்று வட்ஸ்அப்பில் வந்தாலும் அவசரப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் வேலை, தாய்லாந்து என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரில் மியாவடி பக்கத்து முகாம்களில் அடைபட்டு, மற்றவர்களை ஏமாற்றுகிற வேலையைச் செய்ய வைக்கப்பட்டதைப் பத்திரிகைகளில் படித்தோம். ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 க்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கலாம்.

காசு போய்விட்டது என்று தெரிந்தால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், நாங்கள் அதிலும் கோட்டை விட்டோம். பெரியம்மா வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை, நானும் அடுத்த நாள்தான் சந்தேகப்பட்டேன். அப்படி இருக்கக் கூடாது. அந்த நிமிடமே அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிற வங்கி நம்பருக்கு எடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும், காசு போன கணக்கையும் முடக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கள்ளன் மெஷினில் காசை எடுப்பதற்குள் சொன்னால்தான் ஏதாவது மிஞ்சும். எஸ்எம்எஸ்ஸை அழித்துவிட வேண்டாம், வந்த நம்பர், நேரம் எல்லாம் பொலிஸில் கேட்பார்கள். வங்கி கைவிரித்தால் மத்திய வங்கியின் 1935 இருக்கிறது. பேஸ்புக், வட்ஸ்அப் பறிபோனால், கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101. அவர்களிடமும் தமிழில் பேசச் சொல்லிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கணக்குக்காரர் எந்த மொழியில் படிப்பார் என்று கேட்டு அந்த மொழியில் எஸ்எம்எஸ் அனுப்புங்கள். "யாருக்கும் சொல்லாதீர்கள்" என்ற வரியை முதலில் போட்டு நம்பரைக் கீழே போடுங்கள். மேலே அந்த வரி தமிழில் இருந்திருந்தால், எவ்வளவு அவசரத்திலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். தொழிற்சங்கத் தலைவர்மாரிடமும் ஒன்று கேட்கிறேன். 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம் என்று உங்களுக்குத் தெரியும், அப்படி வந்த காசு ஒரு போன் கோலில் போகிறது. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது இரண்டு நிமிடம், கோயில் ஸ்பீக்கரில் வெள்ளிக்கிழமை இரண்டு நிமிடம் இதைச் சொல்ல ஏற்பாடு செய்யலாமே.

பெரியம்மாவுக்குக் காசு திரும்பக் கிடைக்கவில்லை. மாதம் 3,000 என்று நான் கொடுத்து வருகிறேன், முதலில் வாங்க மறுத்தார், பிறகு பேரனின் கொப்பி புத்தகத்துக்குக் கழித்துக்கொள்ளச் சொன்னார்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு உதவுங்கள். வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். பேப்பர் வாங்காதவர்களும் ரீலோட் போட வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கொமியூனிகேஷன் கடைக்காரன்,
தலவாக்கலை.