உயிரித் தொழில்நுட்பம் படிக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டியது பாடங்களின் வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயிரியலிலும் உயிரித் தொழில்நுட்பத்திலும் இளநிலைப் பட்டம் படிக்க விரும்பும் மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு உயிர்வேதியியல் ஆசிரியர் என்ற முறையில் பல ஆண்டுகளாகப் பதில் சொல்லி வருகிறேன். எந்தப் பட்டத்தின் பெயருக்கு மதிப்பு அதிகம், மரபணுத் திருத்தம் பாடத்திட்டத்தில் இருக்கிறதா, படித்து முடித்தவுடன் என்ன வேலை கிடைக்கும் என்பவையே பெரும்பாலும் அந்தக் கேள்விகள். எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் படிக்கப் போகிறோம், அதற்கு முன்னதாக எவற்றைப் படித்து முடித்திருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் இந்தப் படிப்பின் கடைசி ஆண்டில் ஒரு மாணவர் தாமாகச் சிந்தித்து ஓர் ஆய்வைச் செய்யக்கூடியவராக இருப்பாரா, பிறர் எழுதிவைத்த செய்முறைக் குறிப்பைப் பின்பற்றுபவராக மட்டும் நின்றுவிடுவாரா என்பதைப் பெரிதும் முடிவு செய்வது அந்த வரிசைதான். இது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

இன்று எந்த உயிரியல் ஆய்வகத்திலும் அன்றாடம் பயன்படும் பிசிஆர் முறையை, அதாவது டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல பிரதிகளாகப் பெருக்கும் முறையை, எடுத்துக்கொள்வோம். கேரி முல்லிஸ் 1983ஆம் ஆண்டில் இதற்கான கருத்தை உருவாக்கினார். 1993இல் அதற்காக வேதியியல் நோபல் பரிசு பெற்றார். டிஎன்ஏவை ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி அதன் இரு இழைகளையும் பிரிப்பது, வெப்பத்தைக் குறைத்து பிரைமர் எனப்படும் சிறு துண்டுகளை அவற்றோடு இணையவிடுவது, பிறகு 72 டிகிரி அளவில் நொதியைக் கொண்டு புதிய இழைகளை வளர்ப்பது ஆகிய மூன்று படிகளையும் ஒரு வகுப்பு நேரத்துக்குள் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் சோதனை தோற்கும் நாளில் மனப்பாடம் உதவாது. டிஎன்ஏவின் எழுத்துகள் எனத்தக்க காரங்களில் அடினின், தைமின் இணைக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகளும் குவானின், சைட்டோசின் இணைக்கு மூன்றும் இருப்பதையும், கரைசலில் உள்ள உப்பின் செறிவு இழைகளின் பிணைப்பை எவ்வாறு பாதிக்கிறது என்பதையும் புரிந்துகொண்டவரால்தான் எந்த வெப்பநிலையை மாற்ற வேண்டும், எந்த பிரைமரை மறுபடி வடிவமைக்க வேண்டும் என்று முடிவெடுக்க முடியும். இது வேதியியல். அந்த மூன்று படிகளும் சேர்ந்தது ஒரு சுற்று; முப்பது சுற்றுகளின் முடிவில் ஒரே ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 107 கோடிப் பிரதிகளாகப் பெருக முடியும் என்பதும், அந்தக் காரணத்தாலேயே ஒரு துளி மாசு முழு முடிவையும் கெடுத்துவிடும் என்பதும் கணிதம். தொடக்கத்தில் பயன்படுத்திய நொதி வெப்பத்தில் அழிந்துபோனதால் ஒவ்வொரு சுற்றிலும் அதைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் குறையைத் தீர்த்தது, அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவின் நொதி. அந்த பாக்டீரியாவை தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃபிரீஸும் 1969இல் விவரித்து வெளியிட்டபோது அவர்கள் எந்தத் தொழில்நுட்பத்தையும் மனத்தில் கொண்டிருக்கவில்லை; கொதிநிலையை நெருங்கும் நீரில் உயிர் எப்படி நிலைக்கிறது என்பதே அவர்களுடைய கேள்வி. ஒரே ஒரு முறைக்குள் வேதியியல், கணிதம், நுண்ணுயிரிகளின் சூழலியல் ஆகிய மூன்றும் இருக்கின்றன. பட்டப்படிப்பைத் திட்டமிடுகிறவர் முதலில் உணர வேண்டியது இதைத்தான்.

கணக்கும் வேதியியலும் கடினம் என்று கருதி, அவற்றிலிருந்து விலகுவதற்காகவே உயிரியலைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள் எல்லா ஆண்டுகளிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பள்ளியில் உயிரியல் பெரும்பாலும் பெயர்களையும் படங்களையும் நினைவில் வைக்கும் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. கல்லூரியில் நிலைமை வேறு. பொது வேதியியலைப் படிக்காமல் கரிம வேதியியல் விளங்காது. கரிம வேதியியல் இல்லாமல் உயிர்வேதியியல் விளங்காது. உயிர்வேதியியல் இல்லாமல் மூலக்கூறு உயிரியலும், நொதியியலும், புரதங்களைத் தூய்மைப்படுத்தும் முறைகளும் வெறும் சொற்களாகவே நிற்கும். ஒன்றன்மேல் ஒன்றாக எழும் இந்த வரிசையில் பல பாடங்கள் ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே நடத்தப்படுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். முதல் ஆண்டில் வேதியியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைக்கும் மாணவர் ஒரு பருவத்தை இழப்பதாக நினைக்கிறார். உண்மையில் அவருடைய உயிர்வேதியியல் ஓர் ஆண்டு தள்ளிப்போகிறது, அதைத் தொடர்ந்து கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டமும் தடுமாறுகிறது. ஆகவே கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, கடைசி ஆண்டில் படிக்க விரும்பும் பாடத்தை ஒரு தாளின் அடியில் எழுதி, அதற்கு முன்தேவையான பாடங்களைப் பின்னோக்கி ஒவ்வொன்றாகக் குறித்து முதல் பருவம் வரை வர வேண்டும் என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

புள்ளியியலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். சால்வடார் லூரியாவும் மாக்ஸ் டெல்புருக்கும் 1943இல் வெளியிட்ட சோதனையை நான் எந்த வகுப்பிலும் தவிர்ப்பதில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை எதிர்த்துப் பிழைக்கும் தன்மை, அந்த வைரஸைச் சந்தித்த பின்னர் உண்டாகிறதா, அல்லது அதற்கு முன்பே தற்செயலான மரபுப் பிறழ்வால் தோன்றியிருக்கிறதா என்பது அவர்கள் முன்னிருந்த வினா. தனித்தனிக் குடுவைகளில் பாக்டீரியாக்களை வளர்த்து, ஒவ்வொன்றிலும் பிழைத்தவற்றை எண்ணினார்கள். வைரஸைச் சந்தித்த பிறகே அந்தத் தன்மை உண்டாகுமானால் குடுவைக்குக் குடுவை எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. எண்ணிக்கைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் விலக்க வர்க்கச் சராசரி, அவற்றின் சராசரியை ஒட்டியே இருக்க வேண்டும். ஆனால் சில குடுவைகளில் ஒன்றுமே பிழைக்கவில்லை; சிலவற்றில் ஏராளமானவை பிழைத்திருந்தன. அந்த ஏற்றத்தாழ்வைக் கொண்டே, பிறழ்வு முன்னதாகவே நிகழ்ந்துவிட்டது என்று அவர்கள் நிறுவினார்கள். எந்த நுண்ணோக்கியும் காட்டியிராத ஓர் உண்மையை எண்களின் பரவல் காட்டிக்கொடுத்தது. புள்ளியியலை அட்டவணை நிரப்பும் வேலையாக எண்ணும் மாணவருக்கு இந்த ஒரு சோதனையை முறையாக விளக்கினால் போதும் என்பது என் அனுபவம். மனித மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி கார இணைகள் இருக்கின்றன. அவற்றைக் கண்ணால் படித்துப் பொருள் காண முடியாது. ஆதலால் புள்ளியியலை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் படித்துவிட வேண்டும். பைத்தான் அல்லது ஆர் மொழியில் எளிய நிரல் எழுதும் பழக்கமும் அதே காலத்தில் தொடங்கிவிட வேண்டும். கடைசி ஆண்டில் தரவு கைக்கு வந்த பிறகு அதைக் கற்கத் தொடங்குவது, அந்தத் தரவுக்கே இழைக்கும் அநீதி.

உயிரித் தொழில்நுட்பப் பட்டங்கள் சிலவற்றில் தாவரவியல், விலங்கியல், சூழலியல், பரிணாமவியல் ஆகியவை மெல்ல மெல்லச் சுருக்கப்பட்டு, அந்த இடத்தில் நவீனம் என்று சொல்லப்படும் தாள்கள் நுழைக்கப்படுவது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது. இன்று எல்லோரும் பேசும் மரபணுத் திருத்தக் கருவியான கிரிஸ்பர் எங்கிருந்து வந்தது? பாக்டீரியாவின் டிஎன்ஏவில் விசித்திரமாகத் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளை 1987இல் இஷினோவும் அவருடைய சகாக்களும் வேறொரு மரபணுவை ஆராயும்போது கண்டார்கள். உப்பு மிகுந்த நீரில் வாழும் நுண்ணுயிரிகளில் அத்தகைய வரிசைகளைக் கண்ட பிரான்சிஸ்கோ மொஜிகா பல ஆண்டுகள் அவற்றைத் தொடர்ந்து ஆராய்ந்தார். பால் பொருள்களைப் புளிக்கவைக்கும் ஒரு பாக்டீரியாவில், அந்த வரிசைகள் வைரஸ்களுக்கு எதிரான காப்பாகச் செயல்படுவது 2007இல் சோதனை மூலம் காட்டப்பட்டது. அதன் பிறகே, 2012இல், எமானுவேல் ஷார்பான்டியேவும் ஜெனிஃபர் டவுட்னாவும் அதை விரும்பிய இடத்தில் டிஎன்ஏவை வெட்டும் கருவியாக்கிக் காட்டினார்கள். 2020இல் நோபல் பரிசும் பெற்றார்கள். கருவியை மட்டும் கற்று, அது பிறந்த உயிரியலைக் கல்லாதவர் அடுத்த கருவியைக் கண்டுபிடிக்கும் இடத்தில் இருக்க மாட்டார். முழு உயிரினத்தையும் அதன் சூழலையும் கற்பிக்கும் இரண்டு பாடங்களாவது இல்லாத பட்டத்தைத் தேர்வு செய்ய நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லாமல் மற்ற எதைச் சொன்னாலும் பயனில்லை. பிளாஸ்மிட் எனப்படும் சிறிய வட்ட வடிவ டிஎன்ஏவை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தும் எளிய சோதனைக்கே எவ்வளவு காலம் தேவை என்று பாருங்கள். முதல் நாள் பாக்டீரியாவைப் பிளாஸ்மிட்டோடு சேர்த்து, ஆன்டிபயாடிக் கலந்த வளர்ப்புத் தட்டில் பரப்ப வேண்டும். 37 டிகிரியில் இரவு முழுவதும் வளரவிட்டு இரண்டாம் நாள் காலனிகள் எனப்படும் பாக்டீரியாத் திரள்களைத் தேர்ந்தெடுத்துத் திரவ ஊடகத்தில் இட வேண்டும். மூன்றாம் நாள் அதிலிருந்து பிளாஸ்மிட்டைப் பிரித்தெடுத்து, நொதியால் வெட்டி, துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒரு நாள், மூன்று மணி நேரம் என்று அமைந்த கால அட்டவணையில் இந்தத் தொடர்ச்சி இருக்க வாய்ப்பே இல்லை. முதல் வாரம் மாணவர் பரப்பிய தட்டை உதவியாளர் மறுநாள் எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கிறார். அடுத்த வாரம் வேறு யாரோ ஆயத்தம் செய்து வைத்த பிளாஸ்மிட் மாணவரின் மேசைக்கு வருகிறது. காலனி வளராமல் போன காலையில் அந்தத் தட்டைப் பார்த்து, எங்கே தவறினோம் என்று யோசிக்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைப்பதேயில்லை. பரிசோதனை உயிரியலைக் கற்பது பெரும்பாலும் அந்தக் காலைகளில்தான். பிளாஸ்மிட் சேர்க்காத ஒரு தட்டை எதற்காகக் கூடவே வளர்க்கிறோம், ஆன்டிபயாடிக் இல்லாத ஒரு தட்டு எதைச் சொல்லும் என்ற ஒப்பீட்டுச் சோதனையின் தேவையும் அப்போதுதான் மனத்தில் பதிகிறது.

ஆகவே கல்லூரியைத் தேர்வு செய்பவர்கள் ஆய்வகத்தில் எத்தனை விலை உயர்ந்த கருவிகள் உள்ளன என்பதைவிட, ஒரு மேசையில் எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள், ஒரு சோதனையை அடுத்தடுத்த நாள்களில் தொடர அனுமதி உண்டா, மாணவர் தம் கையால் கரைசல்களைத் தயாரிக்கிறாரா, ஆய்வகக் குறிப்பேட்டை ஆசிரியர் வரி வரியாகப் படித்துத் திருத்துகிறாரா என்பவற்றைக் கேட்டறிய வேண்டும். கடைசி ஆண்டு மாணவர்களில் சிலர், செறிவு தெரிந்த கரைசலை நூறில் ஒரு பங்காக நீர்க்கச் செய்யும் கணக்குக்கே தயங்கி நிற்பதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் அதைச் செய்ய வேண்டிய தேவை அதுவரை ஒரு முறைகூட வந்ததில்லை என்பதே காரணம். இரண்டு வாரப் பயிற்சிச் சான்றிதழ்கள் பலவற்றைச் சேர்ப்பதைக் காட்டிலும், ஓர் ஆய்வகத்தில் ஓர் ஆண்டு முழுவதும் ஒரே வினாவோடு இருப்பது பன்மடங்கு மேலானது. அந்த ஆண்டுக்கான இடத்தைத் திட்டத்தில் முதலிலேயே ஒதுக்கிவிட்டு, மற்றப் பாடங்களை அதைச் சுற்றி அமைக்க வேண்டும்.

உயிரியலா, உயிரித் தொழில்நுட்பமா என்ற வினாவுக்கு முதல் ஆண்டிலேயே விடை தேடி மாணவர்கள் மனம் கலங்கத் தேவையில்லை. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. பிரியும் இடம் பிறகு வருகிறது. பெனிசிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் கண்டறிந்தது உயிரியல். 1940களில் அதை ஆழ்ந்த தொட்டிகளில், காற்றைச் செலுத்தி, பெருமளவில் விளைவித்தது உயிரித் தொழில்நுட்பம். மனித இன்சுலினை பாக்டீரியாவில் உருவாக்கிக் காட்டியது 1978இல். அது மருந்தாக அனுமதி பெற்றது 1982இல். இடைப்பட்ட காலத்தில் நடந்த வேலைகளான உற்பத்தி, தூய்மைப்படுத்தல், தரக் கட்டுப்பாடு, நோயாளிகளிடம் சோதித்தல் ஆகியவற்றில் ஆர்வம் கொண்டவர்களுக்கு இயற்பியலும் நுண்கணிதமும் வெப்பம், நிறை ஆகியவற்றின் கணக்குகளும் கட்டாயம் வேண்டும். அவர்கள் பொறியியல் சார்ந்த பட்டத்தை நாடலாம். உயிர் எவ்வாறு இயங்குகிறது என்ற வினாவே தம்மை ஈர்க்கிறது என்பவர்களுக்கு அறிவியல் பட்டமே பொருந்தும். இரண்டாம் ஆண்டின் முடிவில், ஆய்வகத்தைக் கொஞ்சம் பழகிய பிறகு, இதை முடிவு செய்தால் போதும். பாட மாற்றத்துக்கு இடம் கொடுக்கும் கல்லூரியா என்பதைச் சேரும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆய்வுப் பணிகளில் பல, முதுநிலைப் பட்டத்தையும் அதற்கு மேலான பயிற்சியையும் எதிர்பார்க்கின்றன என்ற உண்மையைப் பெற்றோருக்குத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இளநிலைப் பட்டத்தோடு நிறுத்துபவர்களுக்குத் தரக் கட்டுப்பாடு, நோயறி ஆய்வகம், உற்பத்திக் கூடம், ஒழுங்குமுறை ஆவணங்கள் தயாரிப்பு போன்ற பணிகள் உண்டு. அவற்றுக்கும் நான் மேலே சொன்ன வேதியியலும் புள்ளியியலும் கைப்பழக்கமும் அவசியம். உயிரறிவியல் நெறிமுறைப் பாடத்தையும் சடங்காகக் கருதிக் கடந்துவிடக் கூடாது. மரபணுக்களை ஓர் உயிரிலிருந்து இன்னோர் உயிருக்கு மாற்றும் முறை பிறந்த சில ஆண்டுகளிலேயே, 1975இல், அறிவியலாளர்கள் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள அசிலோமரில் கூடித் தங்கள் சோதனைகளுக்குத் தாங்களே பாதுகாப்பு வரம்புகளை வகுத்துக்கொண்ட மரபு இந்தத் துறைக்கு உண்டு. அந்த விவாதத்தைத் தொடரப் போகிறவர்கள் இன்றைய மாணவர்கள்.

தங்கள் நாளிதழ் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கங்களை வெளியிடும்போது, பட்டங்களின் பெயர்களோடும் சேர்க்கைத் தேதிகளோடும் நின்றுவிடாமல், ஒவ்வொரு பட்டத்திலும் எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், அதற்கு முன்தேவை என்ன, ஆய்வக நேரம் வாரத்துக்கு எத்தனை மணி, கடைசி ஆண்டு ஆய்வுத் திட்டம் கட்டாயமா விருப்பமா என்ற விவரங்களையும் கல்லூரிகளிடமிருந்து கேட்டுப் பெற்று வெளியிட வேண்டுமெனப் பணிவுடன் வேண்டுகிறேன். இந்த விவரங்கள் கல்லூரிகளிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மாணவர் சேர்க்கை தொடங்கிய பிறகு வெளிவந்தால் அவை பயன்படா. விண்ணப்பங்கள் வழங்கப்படுவதற்கு ஒரு மாதம் முன்னதாகவே அச்சேறினால் பல குடும்பங்கள் அமர்ந்து பேசி முடிவெடுக்க நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
உயிர்வேதியியல் ஆசிரியர் ஒருவர்