ஐந்துக்கு எத்தனை என்று கேட்டாயே

தாயி,

போன வாரம் போனில், "படிக்கிற புத்தகத்துக்கெல்லாம் ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவீங்கப்பா?" என்று கேட்டாய், ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தால், எனக்கு நட்சத்திரக் கணக்கே கிடையாது. இருப்பது அந்தப் பழைய ஐஸ் கம்பெனிப் பேரேடுதான், சின்னப் பிள்ளையில் நீ கப்பல் வரைந்து அடி வாங்கினாயே, அது.

முதலில் புத்தகத்தை எப்படிப் பார்த்து எடுக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஐஸில் கிடந்த மீன் மேலே பளபளவென்றுதான் இருக்கும், செவுளைத் தூக்கினால்தான் வண்டவாளம் தெரியும், பாம்பனில் பிறந்த உனக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தின் முதல் பக்கம் ஐஸ் போட்ட பக்கம், எழுதுகிறவர் அதைப் பத்துத் தடவை திருத்தியிருப்பார். நான் முக்கால்வாசி தாண்டி, அவரே களைத்துப்போயிருக்கும் இடத்தில் திறந்து இரண்டு பக்கம் படிப்பேன். அங்கேயும் வாக்கியம் தெம்பாக நடந்தால் எடுக்கலாம். நூலகப் புத்தகமென்றால் தேதிச் சீட்டையும் பார்ப்பேன், ஒரே ஒரு முத்திரையோடு பல வருஷமாகக் கிடக்கிற புத்தகத்தை விட்டுவிட்டு வர மனசு வராது. அதில் ஏமாந்ததும் உண்டு. அப்புறம் பைண்டிங். இந்த உப்புக்காற்றில் பின் அடித்த புத்தகம் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும், வெறும் பசை போட்டதும் சீக்கிரம் ஏடு ஏடாகக் கழன்றுவிடும்.

பேரேட்டில் பெயரை எழுதி, எந்தப் பக்கத்தில் மூடி வைத்தேன் என்று குறிப்பேன். மிச்சத்துக்கு ஒரு மாசம் காத்திருப்பேன். முடித்த சூட்டில் எல்லாமே பிரமாதமாகத்தான் தெரியும். மாசம் கழித்து என்ன ஞாபகம் இருக்கிறதோ அதை ஒரு வரி எழுதுவேன், ஒன்றும் வராவிட்டால் ஒரு கோடு. கோடுதான் நிறைய.

நம் கடலைப் பற்றி எழுதினால் மட்டும் கொஞ்சம் கெடுபிடிதான். ஒரு நாவலில் வைகாசி மாசம் வடக்குக் கடல் மலைமாதிரி எழும்பிப் படகைக் கவிழ்க்கிறது. வாடைக்காற்று நேரமென்றால் மன்னித்திருப்பேன். வைகாசியில் வடக்கே பெண்கடல் குளம்போலக் கிடக்கும், கொந்தளிப்பதெல்லாம் தெற்கே ஆண்கடல்தான். கதாநாயகன் செத்தது எனக்குத் துக்கமாகவே இல்லை. ஒரு வேளை நான் அநியாயம் பண்ணுகிறேனோ என்னவோ, உங்கம்மா அதைப் படித்துவிட்டு அழுதாள்.

இன்னொன்று. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'க்கு இரண்டு பதிவு இருக்கிறது. முதலாவது: "41ஆம் பக்கம். போதும்." அவர் சிங்கம்புணரிக்காரர், நம் பக்கத்து ஆள்தான், ஆனால் கதை இந்தோனேசியாவின் மெடானிலும் மலேயாவின் பினாங்கிலும் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் ஓடுகிறது, பேச்சில் மலாய் வார்த்தையாக வருகிறது, எனக்குப் பிடிபடவில்லை. 2017இல் மீன்பிடித் தடைக்காலம் 45 நாளிலிருந்து 61 நாளாக நீண்டது, விசைப்படகெல்லாம் கரையில், ஐஸுக்குக் கேள்வியில்லை, கணக்கு எழுத வேலையில்லை, மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை அந்த வார்த்தைகளை வாய்விட்டுப் படித்தபோது பினாங்கிலிருந்து திரும்பிய என் பெரியப்பா குரல் கேட்டது, கடைக்குக் 'கெடை' என்றுதான் கடைசிவரை சொல்வார், நாங்கள் சிரிப்போம். இரண்டாவது பதிவு: "யாருக்கும் இரவல் கிடையாது." முதல் வரியை நான் அடிக்கவில்லை. இதற்கு ஐந்துக்கு எத்தனை போடுவது, நீயே சொல்லு.

நீ எல்லாவற்றுக்கும் நாலரை போடுகிறாய் என்று தம்பி சொன்னான். போடு, எழுதினவர்கள் சந்தோஷப்படட்டும். ஆனால் எனக்கு வாங்கி அனுப்புவதென்றால், போன மாசம் படித்ததில் இன்னமும் உன்னை விடாமல் இருப்பது எதுவோ அதை அனுப்பு. தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15க்கு முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது. தையல் பைண்டிங்கா என்று பிரித்துப் பார்த்து வாங்கு.

அப்பா