ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம்: குடியிருப்போர் நலச் சங்கத்தின் 2024–25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, திரளாக வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

1.4.2024 முதல் 31.3.2025 வரையிலான காலத்துக்குரிய செயலாளர் அறிக்கையை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர் ஆகிய மூன்றுக்கும் மாநகராட்சியில் மனு கொடுத்தோம். விளக்குகள் எரிகின்றன. சாக்கடை வேலை பாதியில் நிற்கிறது. குடிநீர் வரும் நாளை முன்கூட்டியே சொல்லுங்கள் என்ற கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை, தொடர்ந்து கேட்போம். கடித நகல்கள் கோப்பில் உள்ளன, யாரும் பார்க்கலாம். அறிக்கையின் மீதிப் பகுதி முழுவதையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். இந்த ஆண்டு நாம் புதிதாகத் தொடங்கிய வேலை அது ஒன்றுதான். அதில் எனக்குப் பெரும் மனநிறைவும் உண்டு, சில கவலைகளும் உண்டு.

வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லைன் வீடுகளில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வருவது. பிறகு கடைக்குப் போய், உலை வைத்து, பிள்ளைக்குச் சோறு போடும்போது மணி ஒன்பதரை ஆகிவிடும். அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னால் அங்கே நடப்பது படிப்பு அல்ல. அலுப்பில் ஒரு அடி, பிள்ளையின் அழுகை, கடைசியில் அம்மாவே எழுதி முடித்த நோட்டு. தினமும் வீட்டுப்பாடம் கொடுக்கும் பள்ளி, மாலை ஐந்து மணிக்கு வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று நம்பிக் கொடுக்கிறது. திருப்பூரில் தொழிலாளர் வீடுகள் பலவற்றில் அந்த நேரத்தில் யாரும் இருப்பதில்லை.

ஆகவே, 2024 ஜூனில் பள்ளி திறந்ததும் நம் பகுதித் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியரைச் செயற்குழு சந்தித்தது. வீட்டுப்பாடத்தை வாரம் ஒருமுறை தர முடியுமா என்று கேட்டோம். வெள்ளிக்கிழமை ஒரு தாள். அடுத்த வியாழக்கிழமை அது திரும்ப வேண்டும். நமக்கு முழுதாகக் கிடைக்கும் ஒரே விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை அந்த இடைவெளியில் வந்துவிடுகிறது. அம்மையார் தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். பெரியவர்கள் யாரும் பிள்ளையின் தாளில் எழுதவோ, தவறான விடையை அழித்துத் திருத்தவோ கூடாது. தவறு இருந்தால்தான் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியருக்குத் தெரியும்; எல்லாம் சரியாக உள்ள தாளை வைத்துக்கொண்டு மறுநாள் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார். எங்கள் திட்டம் முழுவதற்கும் இந்த நிபந்தனையே அடித்தளமாக அமைந்தது. அவருக்கு இந்த மன்றத்தின் சார்பில் நன்றி தெரிவிக்கிறேன்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு எழுத்து வேலை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இது குறித்து உறுப்பினர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். நோட்டு நிரம்பினால்தான் படிப்பு ஏறும் என்றார்கள். அவர்களுக்கு இங்கே மீண்டும் விளக்கம் சொல்வது என் கடமை. நாடு முழுவதும் பள்ளிப் படிப்புக்கு வழிகாட்டியாக வந்த 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் வேண்டாம், மூன்றாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு இரண்டு மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். மத்திய அரசு 2020இல் வெளியிட்ட புத்தகப்பைக் கொள்கையும் இதையே சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்பதை நாம் அப்படியே எடுத்துக்கொண்டோம்: ஞாயிறு காலை ஒன்றரை மணி நேரம், மீதி அரை மணி நேரம் வார நாளில் எப்போது முடிகிறதோ அப்போது. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு பாட்டும் ஒரு கதையும் கிடைத்தால் போதும். எழுதி எழுதிக் கை வலித்து நோட்டையே வெறுத்துவிட்ட பிள்ளையைப் பின்னால் படிக்க வைப்பது எவ்வளவு பாடு என்று மூத்த பிள்ளைகளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் பாய் விரிக்கப்படுகிறது. பிள்ளையோடு பெரியவர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது விதி. தாத்தா, பாட்டி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, யாராகவும் இருக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் சிலரும் சுற்றி வருகிறார்கள். முதல் சில வாரங்களில் தாய்மார்கள் வாசலோடு பிள்ளையை விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு எழுத்துக்கூடத் தெரியாது, நான் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம்.

அந்தத் தயக்கம் எப்படி விலகியது என்று ஒரு நிகழ்ச்சியைச் சொன்னால் புரியும். ஓவர்லாக் மெஷினில் தைக்கும் சகோதரி ஒருவரின் மகள் நான்காம் வகுப்பு. தாளில் ஒரு பெருக்கல்: 35 டஜன் பென்சில் என்றால் மொத்தம் எத்தனை? பிள்ளை 35ஐயும் 12ஐயும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் ரப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என்ன கணக்கு என்று மட்டும் கேட்டார். பிள்ளை வாசித்துக் காட்டியது. முப்பது டஜன் முந்நூற்று அறுபது, அஞ்சு டஜன் அறுபது, ஆக நானூற்று இருபது என்று அவர் வாய்க்குள்ளேயே சொல்லி முடித்துவிட்டார். பீஸ் ரேட்டில் வேலை செய்பவர். தைத்த பீஸை நாள்தோறும் கணக்குப் பார்ப்பவர். ஓய்வுபெற்ற ஆசிரியர் அதைக் கேட்டுக்கொண்டே வந்து, பாடப்புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். எண்ணைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரித்துப் பெருக்கு என்று புத்தகம் சொல்வதும் இந்தச் சகோதரி செய்ததும் ஒரே வழி. விடையைச் சொல்லாமல், எப்படிப் பிரித்தாய் என்பதை மட்டும் மகளிடம் சொல் என்றார். அடுத்த கணக்கை அந்தப் பிள்ளை தானே பிரித்துப் போட்டது. அந்தத் தாய் அதற்குப் பிறகு வாசலோடு திரும்பிப் போனதே இல்லை. தன் வரிசையில் தைக்கும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

கணக்கில் இன்னொரு சிக்கலும் வந்தது. 52இலிருந்து 27ஐக் கழிக்க நாம் பக்கத்து எண்ணில் கடன் வாங்கிப் பழகியவர்கள். இன்றைய பிள்ளைக்கு ஒரு பத்தைப் பிரித்துப் பத்து ஒன்றுகளாக மாற்றச் சொல்லித் தருகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்றாலும் பிள்ளைக்கு இரண்டு குரல் கேட்டால் குழம்பிவிடும். எனவே தையல் நூல் சுற்றி வரும் காலிக் கோன்களையும் சட்டைப் பட்டன்களையும் கொண்டுவந்தோம். பத்துப் பட்டனை ஒரு கோனுக்குள் போட்டால் அது ஒரு பத்து. ஐந்து கோனும் இரண்டு பட்டனும் 52. ஏழு பட்டன் கேட்டால் இரண்டுதான் வெளியே இருக்கிறது; ஒரு கோனைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டும். கொட்டிய பிறகு கடன் என்றும் பத்து என்றும் யாரும் வாதாடவில்லை. பெரியவர்களுக்கே அப்போதுதான் விளங்கியது என்று பலர் சொன்னார்கள். கோன்கள் நம் ஊரில் காசில்லாமல் கிடைப்பவை என்பதையும் பொருளாளர் குறித்துக்கொள்ளலாம்.

தமிழக அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கிறார்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்ப 2022இல் தொடங்கப்பட்ட திட்டம் அது. ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு வெவ்வேறு தாள் வருவதற்குக் காரணம் இதுதான். அடுத்தடுத்த வீட்டுத் தாய்மார்கள் தாள்களை ஒப்பிட்டு மனத்தாங்கல் கொண்டது எங்கள் கவனத்துக்கு வந்தது. தயவுசெய்து ஒப்பிடாதீர்கள். பிள்ளை போன மாதம் எந்த நிலையில் இருந்தது, இப்போது எதில் இருக்கிறது என்று மட்டும் ஆசிரியரிடம் கேளுங்கள்.

வாசிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பீகாரிலிருந்து வந்து நம் தெருவில் குடியிருக்கும் குடும்பத்தின் மகன் மூன்றாம் வகுப்பு. தமிழ்வழியில் படிக்கிறான். பெற்றோருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. பேச்சும் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். எதிர் வீட்டு அம்மிச்சி, கண் மங்கிய பாட்டி, அவனைத் திண்ணையில் உட்கார வைத்து வாரா வாரம் பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்கிறார். ‘மழை’ என்பதை அவன் ‘மலை’ என்று வாசித்தால் திருத்துகிறார். அதைவிட முக்கியமாக, அப்புறம் அந்த நரி என்னடா செய்தது என்று கேட்கிறார். கேட்க ஒருவர் இருப்பதால் பிள்ளை வாசிக்கிறான். பிள்ளைக்கு உதவப் படிப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் ஒருநாள் அந்தத் திண்ணைப் பக்கம் போய்ப் பாருங்கள்.

நடக்காமல் போனவற்றையும் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஆர்டர் நெருக்கடியால் ஞாயிறும் வேலை நடந்தது, மண்டபம் வெறிச்சோடியது. பண்டிகைக்குச் சொந்த ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரவும் நாளாயிற்று. பொங்கலிலும் அதே நிலை. ஞாயிறன்று குடிநீர் வந்துவிட்டால் குடத்துக்குத்தான் முதலிடம். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தகப்பன்மார்கள் வருவதில்லை என்பதை நான் குறையாகவே சொல்கிறேன். ஞாயிறு காலை கறிக்கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் போக நேரம் இருக்கும்போது, பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்காரவும் நேரம் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பு ஆண் பிள்ளைகள் கிரிக்கெட்டுக்குப் போய்விடுவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

தனியார் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் கொண்டுவந்த புகார் வேறு வகை. வீட்டுப்பாடம் இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வருகிறது. போனோ அப்பாவோடு கம்பெனியில் இருக்கிறது. மறுநாளைக்குச் சார்ட்டும் படங்களும் வேண்டும் என்று வந்தால் ஒன்பது மணிக்கு ஜெராக்ஸ் கடையைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் பிள்ளைக்குப் பங்கே இல்லை. பணமும் பெரியவர்களின் தூக்கமும்தான் போகின்றன. அந்தப் பெற்றோர் சேர்ந்து கையெழுத்திட்டுத் தங்கள் பள்ளிகளுக்குக் கொடுக்க ஒரு கடிதம் எழுதித் தந்திருக்கிறோம். வேண்டுவோர் என்னிடம் நகல் பெற்றுக்கொள்ளலாம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறது. பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் தாள் கொடுக்காமல் கதைப் புத்தகம் மட்டும் கொடுக்கும்படி பள்ளியைக் கேட்டுக்கொள்வது. கிளை நூலகத்திலிருந்து சிறுவர் நூல்களை எடுத்துவர இரண்டு உறுப்பினர்களைப் பொறுப்பாக்குவது. மண்டபத்தில் மின்விசிறி ஒன்று மாட்டுவது. பங்குனி வெயிலில் பிள்ளைகள் வியர்த்துக்கொட்ட உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டீர்கள்.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்தினர், கோன்களும் பட்டன்களும் கொடுத்த தையல்காரர்கள், வாரா வாரம் வந்த கல்லூரி மாணவிகள், மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஆகியோருக்குச் சங்கத்தின் நன்றி. தீர்மானங்களை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கல்வியாண்டில் ஞாயிறு காலை உதவ முன்வருபவர்கள், குறிப்பாகத் தகப்பன்மார்கள், கூட்டம் முடிந்ததும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்