வெஜ்டபிளில் டேபிள் இல்லை

பி.எட். ரிசல்ட் வந்துவிட்டது. பாஸ். இங்கிலீஷ் டீச்சர் ஆகப் போகிறேன் என்று 2021-இல் ரெட்டியார்சத்திரம் பக்கத்திலிருந்து திண்டுக்கல் டவுன் பஸ் ஏறினேன். பி.ஏ. மூன்று வருஷம், பி.எட். இரண்டு வருஷம். நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேருக்கு என் பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். விண்ணப்பம் போட்டுக் கொடுத்த கம்ப்யூட்டர் சென்டரில், "இங்கிலீஷ் லிட்ரேச்சர் உனக்கு ஒத்துவருமா பாப்பா?" என்று கேட்டார்கள். அவர்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் இருந்தது. முதல் வருஷமே, ஆங்கில ஒலிகளைப் பற்றிய ஒலியியல் தாளில் அரியர் வைத்தேன்.

அந்தத் தாளை எனக்கு மறுபடி நடத்திய மேம், உங்களுக்குத்தான் முதல் நன்றி. மதியச் சாப்பாட்டு நேரத்தில் துறை அறைக்கு வரச் சொன்னீர்கள். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி 44 என்று நான் மனப்பாடமாக ஒப்பித்ததும் நோட்டை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, "தொண்டையில கை வச்சு 'பல்'லுன்னு சொல்லு. இப்ப 'பஸ்'ஸுன்னு சொல்லு" என்றீர்கள். எழுதும்போது இரண்டுக்கும் ஒரே 'ப'தான். ஆனால் 'பஸ்'ஸுக்கு மட்டும் அந்த 'ப'விலேயே தொண்டை அதிர்ந்தது. அப்புறம் என் கையிலிருந்த பஸ் டிக்கெட்டை வாங்கி உதட்டுக்கு முன்னால் பிடித்து 'பென்' என்றீர்கள், டிக்கெட் படபடத்தது. 'பல்' என்றீர்கள், அசையவே இல்லை. பெண்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் அந்த டிக்கெட் இன்னும் என் நோட்டுக்குள் இருக்கிறது.

அப்பா என்ன வேலை என்று கேட்டபோது, ஒட்டன்சத்திரம் 'வெஜி-டேபிள்' மார்க்கெட்டில் லோடுமேன் என்றேன். "வெஜ்டபிள். அதுக்குள்ள டேபிள் எல்லாம் கிடையாது" என்று திருத்தினீர்கள். வீட்டில் போய் அப்பாவிடம் சொன்னேன். "இருபது வருஷமா மூட்டை தூக்குறேன், அதுல டேபிள் இல்லைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

ஆங்கிலக் கவிஞர் சாசரை நடத்திய ஐயாவுக்கும் நன்றி. பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலத்தைப் பார்த்ததும் வகுப்பே முழித்தது. லண்டன் பக்கம் ஒரு சத்திரத்தில் 29 பேர் கூடுகிறார்கள், தாமஸ் பெக்கெட் சமாதியைத் தரிசிக்கக் கேன்டர்பரிக்குக் கிளம்புகிறார்கள் என்று கதையைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீதான் சத்திரத்துக்காரியாச்சே. தைப்பூசத்துக்கு உங்க ஊர் வழியாத்தானே பழனிக்கு நடக்கிறாங்க? எத்தனை விதமான ஆளுங்கன்னு எழுதிட்டு வா" என்றார். நீர்மோர்ப் பந்தலில் உட்கார்ந்து எழுதினேன். ஸ்பீக்கரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆடி வந்த பையன், முழங்காலில் துணி சுற்றியிருந்தும் வேனில் ஏற மறுத்த அம்மா, வழி நெடுக வட்டிக் கணக்குப் பேசிக்கொண்டே வந்த இரண்டு பெரியவர்கள். சாசர் அன்றைக்குத்தான் புரிந்தார்.

பணத்துக்கு அம்மாவின் மகளிர் குழு. கடனுக்குக் கையெழுத்துப் போட்ட ஒன்பது பேரும் நான் கல்லூரிக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று பார்ப்பார்கள், கடன் கொடுத்தவர்களுக்கு இருக்கும் உரிமையோடு. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்திருந்ததால் மாதம் 1000 ரூபாய் எனக்கும் கிடைத்தது. பி.எட்.டுக்குப் புதுக்கோட்டை போனபோது பெட்டி வாங்கிக் கொடுத்தது அப்பாவுடன் மூட்டை தூக்கும் மாமாக்கள். ஒரு வருஷம் சோறு போட்ட சித்திக்குத் தனியாக நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் விடுகிறேன்.

இரண்டாம் வருஷம் 16 வாரம் பள்ளிப் பயிற்சி, எங்கள் ஊர்ப் பக்கத்து அரசுப் பள்ளியில். ஏழாம் வகுப்பு பி பிரிவு. முதல் நாள் ஒரு தமிழ் வார்த்தை கலக்காமல் நாற்பது நிமிஷம் பாடம் எடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. மணி அடித்ததும் முதல் பெஞ்சுப் பெண் எழுந்து, "டீச்சர், இது எந்தப் பாடம்?" என்று கேட்டாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்த வழிகாட்டி ஆசிரியை என் ரெக்கார்டில் ஒரே வரி எழுதினார்: "பிள்ளைகளைப் பார்த்துப் பேசவும்."

மறுநாள் பாடத்திட்டத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு, எல்லோரையும் தொண்டையில் கை வைக்கச் சொன்னேன். பல், பஸ், பல், பஸ் என்று வகுப்பே கத்தியது. அந்தப் பக்கமாக வந்த தலைமையாசிரியர் பதறிப்போய், "என்னம்மா, பிள்ளைங்களுக்குத் தொண்டை வலியா?" என்றார். ஏழாம் வகுப்பு பி பிரிவுப் பிள்ளைகளே, உங்களால்தான் எனக்கு வகுப்பெடுக்கத் தெரிந்தது. நீங்கள் செய்துகொடுத்த பட அட்டைகளை என் மதிப்பெண்ணுக்காகக் காட்டிவிட்டேன், மன்னிக்கவும்.

ஒரு மழை நாள் பாடத்திட்ட நோட்டையும் சார்ட்டையும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். அந்த வாரம்தான் ரெக்கார்டு சமர்ப்பிக்க வேண்டும். இரவெல்லாம் அழுதேன். காலையில் கண்டக்டர் அண்ணன், பிளாஸ்டிக் பையில் சுற்றி டிக்கெட் பைக்குப் பக்கத்தில் வைத்திருந்ததை எடுத்து நீட்டினார். "படம் நல்லா வரைஞ்சிருக்கம்மா, ஆனா பஸ்ஸுக்கு ஒரு சக்கரம் குறையுது" என்றார். அவர் சொன்னது சரிதான். சார்ட்டில் வரைந்துவிட்டுத்தான் பள்ளிக்குப் போனேன்.

அடுத்தது டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. இரண்டாம் தாளில் 150 கேள்வி. அதில் 60 எனக்குச் சமூக அறிவியலிலிருந்து வரும். இங்கிலீஷ் டீச்சருக்கு எதற்கு இத்தனை சமூக அறிவியல் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. சரி, அதையும் படிக்கிறேன்.

கடைசியாக, கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடை அண்ணன். பழைய கேள்வித்தாள் அத்தனையையும் கடனுக்கே எடுத்துக் கொடுத்தீர்கள். உங்கள் கணக்கு நோட்டில் 'இங்கிலீஷ் பாப்பா' என்று எழுதியிருக்கும் பக்கத்தில் 340 ரூபாய் பாக்கி நிற்கிறது. திங்கட்கிழமை வருகிறேன் அண்ணா. டெட் பழைய கேள்வித்தாள் இருந்தால் எடுத்து வையுங்கள்.