முந்தின ராத்திரி தப்பித்த விமானம்

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். உன் தங்கைக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறாள். உன் பையன் குட்டி எப்போது வருவான் என்று அம்மா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

விமானத்தைப் பற்றி நீ கேட்டதைப் போனில் பேசினால் நீ அழுவாய், அம்மாவும் அழுவாள், பேச்சு அதோடு நின்றுவிடும். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

வளைகாப்புக்கு மும்பையிலிருந்து சென்னைக்கு டிக்கெட் போட்டுவிட்டு, அது போயிங் 737 மேக்ஸ் விமானம் என்று பிறகு தெரிந்ததும் தூக்கமே வரவில்லை என்றாய். ரத்து செய்துவிட்டு தாதரில் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் ஏறி வருகிறேன் என்றாய். மாப்பிள்ளை கேலி செய்தாராம். இதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. இரண்டே விபத்துகளில் 346 பேர் போன மாடல் அது. நான்கு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஏறப்போகிற தாய் கேட்கத்தான் வேண்டும். நெய்வேலியில் இருந்த காலமெல்லாம் நான் பார்த்தது அளவுக் கருவிகளைக் கவனிக்கிற இன்ஸ்ட்ருமென்ட் வேலை என்பதால் என்னிடம் கேட்டாய். விசாரணை அறிக்கைகள் சொல்வதை உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

737 என்பது 1967-ல் முதன்முதலாகப் பறந்த விமானம். தரையை ஒட்டித் தாழ்வாக நிற்கும். மேக்ஸ் என்ற புது வடிவத்துக்குப் பெரிய எஞ்சின் வைத்தபோது இறக்கைக்கு அடியில் இடம் போதவில்லை. அதனால் எஞ்சினை முன்னால் தள்ளி, சற்று மேலே தூக்கி மாட்டினார்கள். அதன் விளைவாகச் சில நிலைகளில் மூக்கு தேவைக்கு மேல் தூக்கும். அதைச் சரிக்கட்ட எம்காஸ் என்று ஒரு மென்பொருள். மூக்கு அதிகம் தூக்கினால், வால்பக்கத்துச் சின்ன இறக்கையான ஸ்டேபிலைசரைத் தானே திருப்பி மூக்கைக் கீழே இறக்கும். மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதை அதற்குச் சொல்வது, வெளியே காற்றில் திரும்புகிற ஒரு சின்னத் தகடு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு தகடுகள் இருந்தும், எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, செல்வி. பாய்லர் டிரம்மில் தண்ணீர் மட்டம் பார்க்க மூன்று டிரான்ஸ்மிட்டர் வைப்போம். மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால்தான் டிரிப் ஆகும், அதாவது பாய்லர் தானே நிற்கும். ஒன்று பழுதாகித் தப்பாகக் காட்டினாலும் மற்ற இரண்டும் காப்பாற்றும். கருவி என்றால் ஒருநாள் பழுதாகும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். மேக்ஸில் அந்தப் பாடத்தை விட்டுவிட்டார்கள். அதோடு, அப்படி ஒரு மென்பொருள் இருப்பதே பைலட்டுகளின் கையேட்டில் விளக்கப்படவில்லை. ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் விமானம் மூக்கைக் கவிழ்க்கலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2018 அக்டோபர் 29 காலையில் ஜகார்த்தாவில் கிளம்பிய லயன் ஏர் விமானம் 13 நிமிடத்தில் ஜாவா கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். கேப்டன் பவ்யே சுனேஜா நம் டெல்லிக்காரர். இது உனக்குத் தெரிந்திருக்கும். அதே விமானத்துக்கு முந்தின நாள் ராத்திரி அதே கோளாறு வந்தது பலருக்குத் தெரியாது. டென்பசாரில் தகடு இருக்கிற சென்சாரை மாற்றியிருந்தார்கள். மாற்றிப் போட்டது 21 டிகிரி தப்பாகக் காட்டியது. ஜகார்த்தாவுக்குக் கிளம்பியதுமே விமானம் மூக்கைக் கீழே இழுக்க ஆரம்பித்தது. அன்று காக்பிட்டில் பணியில் இல்லாத மூன்றாவது பைலட் ஒருவரும் இருந்தார். ஸ்டேபிலைசர் மோட்டாருக்குப் போகிற சுவிட்சை அணைத்துவிட்டு, அதைக் கையால் திருப்புகிற சக்கரத்தைச் சுற்றியே ஓட்டிக்கொண்டு பத்திரமாக இறங்கினார்கள்.

இறங்கிய பிறகு லாக் புத்தகத்தில் வேகமும் உயரமும் தப்பாகக் காட்டுகிறது என்று எழுதினார்கள். பைலட்டின் கைப்பிடி எச்சரிக்கையாக விடாமல் அதிர்ந்ததையும், சுவிட்சை அணைத்துத்தான் பிழைத்தார்கள் என்பதையும் எழுதவில்லை. பராமரிப்புக்காரர்கள் எழுதியிருந்ததை மட்டும் பார்த்துச் சரிசெய்து, பறக்கலாம் என்று விட்டார்கள். காலையில் ஏறிய பைலட்டுகளுக்கு ராத்திரி நடந்தது தெரியாது. இந்தோனேசிய விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை சொன்ன காரணங்களில் இந்த அரைகுறைப் பதிவும் ஒன்று.

ஷிப்ட் மாறும்போது முந்தின ஆள் சொல்லாமல் விட்ட ஒரு வரி என்ன செய்யும் என்று தெரிந்தவன் நான். இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே முடியவில்லை. நம் துறைமுகத்தில் ஒரு படகுக்கு வலை சிக்கிக் கிழிந்தால், கரைக்கு வந்ததும் அடுத்துப் போகிறவரிடம் இடம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்த வழக்கம் இவ்வளவு பெரிய தொழிலில் அறுந்துபோயிருக்கிறது.

கீழே மட்டும் இல்லை, மேலேயும் அதுதான் நடந்தது. முதல் விபத்துக்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டது. மாற்றம் செய்யாமல் விட்டால் இந்த மாடலின் ஆயுளுக்குள் இன்னும் 15 விபத்து வரைக்கும் வரலாம் என்று அந்தக் கணக்கு சொன்னது. ஆனாலும் விமானங்களைப் பறக்கவிட்டார்கள். ஜனங்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்தது 2019 டிசம்பரில். அதற்குள், 2019 மார்ச் 10-ல், எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் அடிஸ் அபாபாவில் கிளம்பி ஆறு நிமிடத்தில் விழுந்து 157 பேர் போய்விட்டார்கள். நம் நாட்டவர் நான்கு பேர் அதில் இருந்தார்கள். அந்த பைலட்டுகளுக்கு எம்காஸ் என்ற ஒன்று இருப்பது தெரியும், சுவிட்சையும் அணைத்தார்கள். ஆனால் அதற்குள் வேகம் ஏறியிருந்ததால் கையால் சக்கரத்தைத் திருப்ப முடியவில்லை.

அமெரிக்கப் பெண் சாமியா ஸ்டூமோ அதில் இறந்தபோது வயது 24. அவளுடைய அப்பா மைக்கேல் ஸ்டூமோவும் அம்மா நாடியா மில்லெரானும் மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து விடாமல் போராடினார்கள். போயிங் தலைவர் செனட்டில் சாட்சி சொல்ல வந்த அன்று, குடும்பத்தார் இறந்தவர்களின் படங்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றார்கள். விமானச் சான்றிதழ் முறையைத் திருத்தும் சட்டம் 2020 டிசம்பரில் வந்ததற்கு அவர்கள் ஒரு காரணம். உன்னையும் குட்டியையும் நினைத்துக்கொண்டுதான் அவர்களைப் பற்றிப் படித்தேன். இன்று அந்த விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

சரி, என்ன மாற்றினார்கள்? இப்போது எம்காஸ் இரண்டு சென்சாரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டுக்கும் 5.5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் தானே ஒதுங்கிக்கொள்ளும். திரும்பத் திரும்ப மூக்கை இறக்காது. பைலட் கைப்பிடியை இழுத்தால் அவர் இழுப்புதான் எம்காஸை மீறி நிற்கும். சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். 2019 மார்ச்சில் பறக்கவிடாமல் தரையில் நிறுத்திய மேக்ஸை அமெரிக்கா 2020 நவம்பரில் மறுபடி பறக்க விட்டது. நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏ அவசரப்படாமல் 2021 ஆகஸ்டில்தான் அனுமதித்தது. அதோடு விட்டுவிடவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் 90 பைலட்டுகளுக்குப் பயிற்சி சரியில்லை என்று 2022 ஏப்ரலில் மேக்ஸ் ஓட்டவே தடை போட்டார்கள். இதைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எனக்கு இன்னமும் உறுத்துகிற ஒன்று இருக்கிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன். 2024 ஜனவரி 5-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் கிளம்பிய ஒரு மேக்ஸ் 9-ல், கதவு வைக்காத இடத்தை அடைக்கிற பேனல் சுமார் 15,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. தொழிற்சாலையில் வேறு ஒரு வேலைக்காக அதைத் திறந்தவர்கள் போல்ட்டுகளைத் திரும்ப மாட்டவில்லை, திறந்ததற்குக் காகிதமும் இல்லை. பெர்மிட் இல்லாமல் நாங்கள் ஒரு வால்வைக்கூடத் தொட மாட்டோம். அந்த ஓட்டையை ஒட்டிய இரண்டு இருக்கையும் அன்று காலியாக இருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். இது எம்காஸ் கோளாறு இல்லை, வேலை ஒழுங்கின் கோளாறு. அதைத் திருத்த மென்பொருளை விட அதிக காலம் பிடிக்கும். அமெரிக்க நிர்வாகம் உடனே தயாரிப்பை மாதம் 38-க்கு மேல் கூட்டக்கூடாது என்று கட்டுப்போட்டது. அது நல்ல முடிவு.

அகமதாபாத் விபத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. 2025 ஜூன் 12-ல் 260 பேரைக் கொண்டுபோனது 787, வேறு விமானம். கிளம்பிய உடனே இரண்டு எஞ்சினுக்கும் எரிபொருள் போகிற சுவிட்ச் அணைந்த நிலைக்கு மாறியது என்கிறது முதற்கட்ட அறிக்கை. மேக்ஸ் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பெங்களூர் வந்து பாண்டிச்சேரி லாஸ்பேட்டைக்கு ஏடிஆர் என்கிற சின்ன விமானத்தில் வரலாமா என்றும் கேட்டாய். தாராளமாக வரலாம், அங்கிருந்து நம் வீடு பக்கம். ஆனால் மேக்ஸுக்குப் பயந்து அதில் ஏறாதே. ஏடிஆருக்கும் ஒரு வரலாறு உண்டு. 1994-ல் அமெரிக்காவில் இறக்கையில் பனி உறைந்து 68 பேர் இறந்த பிறகுதான் அதன் பனி நீக்கும் பகுதியைப் பெரிதாக்கினார்கள். டிசி-10 என்று ஒரு விமானம். 1972-ல் அதன் சரக்குக் கதவு நடுவானில் திறந்தும் பத்திரமாக இறங்கியது. அமெரிக்க நிர்வாகம் கட்டாய உத்தரவு போடாமல் தயாரித்த நிறுவனத்தோடு பேசி முடித்துக்கொண்டது. 1974-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் அதே கதவு திறந்து 346 பேர். முதலில் ஒரு தடவை தப்பித்திருக்கிறார்கள், அதை அடுத்தவருக்கு முழுசாகச் சொல்லவில்லை. படிக்கப் படிக்க அதேதான் வருகிறது.

அதனால் அப்பா மாடல் பெயரைப் பார்த்து முடிவு செய்யவில்லை. குறை வெளியே வந்ததா, ஓட்டுகிறவர் வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்றுதான் பார்க்கிறேன். மேக்ஸில் 2018-ல் இரண்டும் இல்லை. அன்று கேட்டிருந்தால் ஏறாதே என்றிருப்பேன். இன்று அதன் குறை உலகத்துக்கே தெரியும், ஓட்டுகிற ஒவ்வொரு பைலட்டும் அதைச் சிமுலேட்டரில் சந்தித்துவிட்டுத்தான் வருகிறார். நான் ஏறுவேன். அம்மாவையும் ஏற்றுவேன். நீயும் குட்டியும் ஏறலாம்.

குட்டி தூங்கினாலும் பெல்ட்டைக் கழற்றாதே, நீயும் கழற்றாதே. ஏறும்போதும் இறங்கும்போதும் அவனுக்குத் தண்ணீர் குடிக்கக் கொடு, காது அடைக்காது. உள்ளே எதையாவது பார்த்துச் சந்தேகம் வந்தால், நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிடாமல் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லு. ராத்திரி விமானமாக இருந்தால் மட்டும் மாற்றிக் காலை விமானமாகப் போடு. நள்ளிரவில் மீனம்பாக்கத்தில் இறங்கி, தூக்கக் கலக்கத்தில் இருக்கிற டிரைவரை நம்பிக் கடலூர் வரை நீங்கள் வருவதுதான் எனக்குப் பெரிய பயம். வித்தியாசப் பணம் நான் தருகிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால் ரயிலிலேயே வா. பாண்டிச்சேரி ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். மாப்பிள்ளையிடமும் நானே பேசிக்கொள்கிறேன். எது என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடு, வண்டிக்காரரிடம் தேதி சொல்ல வேண்டும். அம்மா முறுக்கு மாவு அரைத்து வைத்திருக்கிறாள். குட்டிக்கு இப்போது காரம் ஆகுமா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா