பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கும் எழுதுங்கள்

ஐயா,

வீட்டை அழகுபடுத்துவது பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்தேன். திறந்த அலமாரி, இரும்புத் தாங்கி, சுவர் நிறையச் சட்டமிட்ட படங்கள்! காசிமேட்டில் எங்கள் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு அடி. கடற்காற்று விடுமா? ஆசையாக வாங்கிய இரும்புப் பூச்சாடித் தாங்கி எட்டே மாதத்தில் துருவை உதிர்த்து, தரையில் நான்கு செம்புள்ளிகளை விட்டுப் போனது. இப்போது அங்கே மூங்கில் கூடை நிற்கிறது.

மாமியார் தந்த தஞ்சாவூர் ஓவியத்தை முதலில் கடல் பக்கச் சுவரில் மாட்டினேன். மழைக்காலத்தில் சுவர் உப்புப் பூத்தது. ஓவியத்தின் ஓரத்தில் தங்க இலை மெல்லத் தூக்கிக்கொண்டது. அடியில் இருப்பது மரப்பலகையும் துணியும் சுண்ணப் பசையும்தானே, ஈரம் ஆகாது. உள்சுவருக்கு மாற்றி, பின்னால் இரண்டு தக்கைத் துண்டுகள் வைத்துக் காற்றுக்கு வழிவிட்டேன்.

சாமான்களுக்குப் பரணும் கட்டிலடி டிரங்குப் பெட்டியும் போதும். தண்ணீர்க் குடங்களுக்குத்தான் இடமில்லை. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று வாசலோரம் வரிசையாக நிற்கும் அவற்றையும் அலங்காரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி,
காசிமேடு, சென்னை