முடிப்பதற்கா, நீட்டிப்பதற்கா மூன்றில் இரண்டு பங்கு?

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபரின் அவசரகால அதிகாரம் திருப்பூர்க்காரர்களுக்கு அயல்நாட்டுச் செய்தி அன்று. 2025 ஆகஸ்ட் 27இல் இந்தியச் சரக்குகள் மீது விழுந்த 50 சதவீத வரி, 1977ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டம் ஒன்றைக் காட்டி டிரம்ப் போட்டது. வரி விதிக்கும் அதிகாரத்தை அந்நாட்டு அரசமைப்பு அங்குள்ள நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத்தான் கொடுத்திருக்கிறது. இங்கே பனியன் கம்பெனிகளில் ஆர்டர்கள் நின்றன.

அந்நாட்டுக் கட்சிக்காரர்களின் வாதம்தான் வேடிக்கை. கோவிட் நெருக்கடியைக் காட்டி 2022இல் பைடன் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்ய முனைந்தபோது, அத்துமீறல் என்று வழக்குப் போட்டவை குடியரசுக் கட்சி ஆளும் மாநிலங்கள். உச்ச நீதிமன்றமும் 2023இல் அதை ரத்து செய்தது. வரி என்று வந்ததும் அக்கட்சியில் பலருக்கு அதே அதிகாரம் துணிச்சலான தலைமையாகிவிட்டது. ஜனநாயகக் கட்சியினர் மட்டும் யோக்கியமா? பைடனுக்குக் கைதட்டிவிட்டு இப்போது அதிகார வரம்பு பேசுகிறார்கள்.

அங்கே அதிபர் அறிவித்த அவசரநிலையை காங்கிரஸ் முடித்துவைத்தாலும் அவர் அதை வீட்டோ செய்து தடுக்கலாம். அதை மீற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 2019இல் மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட டிரம்ப் அறிவித்த அவசரநிலை விவகாரத்தில் அது கிடைக்கவில்லை. நம் நாட்டில் நேர்மாறு. 1975 அனுபவத்துக்குப் பின் வந்த 44ஆவது திருத்தப்படி, அமைச்சரவையின் எழுத்துப்பூர்வப் பரிந்துரை இல்லாமல் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்ற ஒப்புதல் பெறவும், ஆறு மாதத்துக்கு மேல் நீட்டிக்கவும்தான் அந்தச் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும்.

டிரம்ப் ஆதரவு, எதிர்ப்புக் கட்டுரைகளுக்கு நடுவே இதையும் தாங்கள் விரிவாக வெளியிடலாமே.

– பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவர், அவிநாசி